மாயா, மஹாவா என்று முதலில் கேளுங்கள்

ஒல்லியான பிள்ளையைப் பார்த்து 'சோமாலியா மாதிரி இருக்கான்' என்று சொல்வது நம் ஊரில் இன்னும் நிற்கவில்லை. அந்தப் பேச்சு எந்தப் படங்களிலிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1992இல் உலகம் முழுக்கப் போன பஞ்சப் படங்கள் பலவும் தென் சோமாலியாவின் பைதோவா நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எடுத்தவை. அது பாலைவனம் அல்ல. ஜூபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் சோளம் விளைகிற பூமி. மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் 1991இல் சியாத் பாரே ஆட்சி விழுந்ததும் ஆயுதக் குழுக்கள் மாறி மாறி அந்த ஊர்களுக்குள் நுழைந்து, குழி வெட்டிச் சேமித்து வைத்திருந்த தானியத்தை அள்ளிக்கொண்டு போனதுதான் ஆட்களைக் கொன்றது.

அந்த மக்கள் பேசுவது மாய். சோமாலி மொழி என்று வெளியுலகம் அறிந்திருப்பது மஹா. இரண்டு பெயரும் ஒரே கேள்வியிலிருந்து வந்தவை. 'என்ன சொன்னாய்?' என்பதை ஒரு பக்கத்தார் 'மஹா திரி' என்பார்கள், மறு பக்கத்தார் 'மாய் திரி' என்பார்கள். 'என்ன' என்கிற ஒரு சொல்லே ஊரைச் சொல்லிவிடும். மதுரைத் தமிழுக்கும் கோவைத் தமிழுக்கும் உள்ள இடைவெளி என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பழக்கமில்லாத இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு நகராது. மொழியியலாளர் பலர் மாய் பேச்சைத் தனி மொழியாகவே வைக்கிறார்கள். என் கருத்தும் அதுதான்.

மஹாவுக்குள்ளும் வட்டார வழக்கு உண்டு. ஹர்கேசா பக்கம் பெண்பிள்ளை 'கபட்', மொகதிஷு பக்கம் 'கபர்'. 'சொன்னான்' என்பது வடக்கே 'யிடி', தெற்கே 'யிரி'. இந்த ட–ர மாற்றம் காதில் விழுந்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடித்துவிடலாம். ஆனாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் போவதில்லை. மாயின் நிலைமை அப்படியில்லை.

1972 அக்டோபர் 21 அன்று சோமாலிக்கு லத்தீன் எழுத்தை அரசு அறிவித்தது. அதற்கு முன்பே உள்ளூரில் உருவான எழுத்துகள் இருந்தன, அரபு எழுத்தை வைத்தும் முயன்றார்கள், எதிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. அறிவித்த கையோடு 1974–75இல் பள்ளிகளை மூடி, மாணவர்களையும் ஆசிரியர்களையும் கிராமங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் அனுப்பி எழுத்தறிவித்தார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. குறை எழுத்துப் பட்டியலில் இருக்கிறது. அது மஹாவின் ஒலிகளை அளவெடுத்துத் தைத்த சட்டை. தொண்டையிலிருந்து வரும் அழுத்தமான ஹகரத்துக்கு 'எக்ஸ்' எழுத்து, அரபு ஐன் ஒலிக்கு 'சி' எழுத்து. (சி–ஏ–எல்–ஐ என்று எழுதியிருந்தால் அவர் பெயர் அலி. அதைக் 'காலி' என்று தமிழில் எழுதிவிடாதீர்கள்.) மாயில் இந்த இரண்டு தொண்டை ஒலிகளும் கிடையாது. மாறாக ப (ஆங்கில P), ஞ போன்ற ஒலிகள் மாயில் உண்டு, 1972 பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. மஹாவில் பகரம் இல்லாததால்தான் இத்தாலியரின் பாஸ்தாவில் முதல் எழுத்து திரிந்து, P போய் B வந்து, 'பாஸ்தோ' (baasto) என்று எழுதப்படுகிறது.

2012 அரசியலமைப்பு ஆட்சிமொழி சோமாலி என்று சொல்லி, 'மாய், மஹா திரி' என்று இரண்டையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஏட்டில் வந்தது நாட்டில் முழுசாக வரவில்லை. நாட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம்.

2003, 2004 வாக்கில் கென்யாவின் ககுமா அகதி முகாமிலிருந்து 'சோமாலி பண்டு' (Bantu) என்ற இனத்து மக்கள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் அமெரிக்காவில் குடியேறினார்கள். பெரும்பாலோர் ஜூபா ஆற்றங்கரை விவசாயிகள், வீட்டில் பேசியது மாய். மருத்துவமனைப் படிவத்தில் 'சோமாலி' என்று ஒரே கட்டம். வருகிற மொழிபெயர்ப்பாளர் மஹா பேசுபவர். நோயாளியான பாட்டியிடம் எதைக் கேட்டாலும் 'ஹா' என்பார். 'ஹா' என்றால் 'ஆமாம்'. மருந்து புரிந்ததா? ஹா. ஒவ்வாமை உண்டா? ஹா. சாப்பிட்டீர்களா? ஹா. எதிரே படித்தவர் உட்கார்ந்திருக்கும்போது புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்பது அந்தப் பாட்டியின் எண்ணம். சந்தைக்கும் வானொலிக்கும் பழகிய ஆண்களுக்கு மஹா ஓரளவு புரியும். வயலும் வீடுமாக இருந்த மூத்த பெண்களுக்குப் புரியாமல் போக வாய்ப்பு மிக அதிகம். ஆபத்தும் அவர்களுக்குத்தான்.

ஆகவே மருத்துவமனை வேலையிலும் மொழிபெயர்ப்பு வேலையிலும் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: 'சோமாலி பேசுவீர்களா' என்று கேட்காதீர்கள். 'மாயா, மஹாவா' என்று கேளுங்கள். கூடவே பிறந்த ஊரைக் கேளுங்கள். பே, பகோல், கீழ் ஷபெல்லே, நடு ஜூபா என்று வந்தால் மாய் ஆளை வரவழைத்துவிடுவது நல்லது. ஆமாம்–இல்லை என்று பதில் வருகிற கேள்வியைத் தவிர்த்து, 'இந்த மாத்திரையை எப்போது போடுவீர்கள், எத்தனை போடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள்' என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். முதல் இரண்டு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். பேரனை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பாட்டி தன் உடம்பைப் பற்றி அவன் முன்னால் வாய் திறக்க மாட்டார்.

இதே கதைதான் கவிதையிலும். சோமாலிகளைக் 'கவிஞர்களின் தேசம்' என்று புகழ்கிறவர்கள் பெரும்பாலும் நினைப்பது வடக்கத்திய ஒட்டகக்காரரின் 'கபை' என்ற நெடும்பாட்டைத்தான். அது மகத்தான கலை, சந்தேகமில்லை. அதன் கட்டுமானத்தைத் தமிழ் யாப்பு கொஞ்சம் தெரிந்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்ளலாம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. ஒவ்வொரு அடியும் இரண்டாகப் பிளக்கும், முன்பாதி நீளம், பின்பாதி குறைவு. இரண்டு பாதியிலும் ஒரே எழுத்தில் தொடங்கும் சொல் ஒன்று வந்தாக வேண்டும். இதற்கு 'ஹரஃப்ராஅ' என்று பெயர். நம் மோனை மாதிரிதான், ஆனால் பிடி இன்னும் இறுக்கம். நாம் அடிக்கு அடி மோனையை மாற்றிக்கொள்வோம். அங்கே முதலடியில் எடுத்த எழுத்து கடைசி அடி வரை மாறாது. நூறடிப் பாட்டு என்றால் அதே எழுத்தில் இருநூறு இடம் நிரப்ப வேண்டும். 'ஒரு', 'அந்த', 'தான்' போன்ற சில்லறைச் சொற்களை வைத்து ஒப்பேற்ற முடியாது, கனமுள்ள பெயர்ச்சொல்லோ வினையோ வேண்டும்.

எப்படி இருக்கும் என்று காட்ட, ககரத்தில் இரண்டடி கட்டிப் பார்க்கலாம். இது எந்தப் பாட்டின் மொழிபெயர்ப்பும் அல்ல:

கேணியின் அடியில் நால்வர் நிற்க — கயிற்றில் தோல்வாளி மேலே ஏறும்
குட்டியின் குரலுக்குத் தாய் திரும்ப — கல்தொட்டி நிறையப் பொழுது சாயும்

கே, க, கு, க. நம் இலக்கணப்படி கே–க–கு ஒன்றுக்கொன்று மோனை ஆகாது. சோமாலியில் ஆகும், அங்கே மெய்யை மட்டும்தான் பார்ப்பார்கள். உயிரில் தொடங்கும் சொற்கள் என்றால் அ, இ, உ, எ, ஒ எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் தகரமும் டகரமும் தனித்தனி, ஸகரமும் ஷகரமும் தனித்தனி. நமக்குள்ள இன எழுத்துச் சலுகை மெய்களுக்குக் கிடையாது.

இனிதான் வட்டார வழக்கு கவிதைக்குள் வருகிறது. எழுத்தைப் பிடித்தாயிற்று, ஐம்பதாவது அடியில் சொல் தீர்ந்துபோகிறது. போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டால் கேட்பவர் முகம் சுளிப்பார். கவிஞர் என்ன செய்வார்? பாட்டி காலத்துச் சொல்லைத் தேடுவார், அடுத்த மேய்ச்சல்காரர் வழக்கிலிருந்து ஒன்றை எடுப்பார். ஒட்டகத்துக்கு மட்டும் பாருங்கள்: மந்தையாகச் சொன்னால் 'கேல்', பெட்டை 'ஹல்', சுமை தூக்குகிற கடா 'அவ்ர்' அல்லது 'ரதி', பொலிகடா 'பார்கப்', இளம் பெட்டை 'காலின்', குட்டி 'நிரிக்'. எந்த எழுத்துப் பாட்டாக இருந்தாலும் கைக்கு ஏதாவது ஒரு ஒட்டகம் அகப்படும். அகராதி இல்லாத காலத்தில் அகராதியைக் காப்பாற்றியது இந்த மோனைக் கட்டுப்பாடு. ஆகையால் 'வழக்கொழிந்த சொல்லை எல்லாம் நீக்கி எளிய சோமாலியில் எழுதுங்கள்' என்று இளைஞருக்குச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்க மாட்டேன். சொல்லை நீக்கினால் பாட்டு நடக்காது.

இந்த மாத்திரைக் கணக்கை ஏட்டில் எழுதியது வெகு சமீபத்தில்தான். 1976இல் காரிய்யே என்ற கவிஞர் அரசு நாளிதழில் எழுதிய கட்டுரைகள் அதன் தொடக்கம். அதுவரை தலைமுறை தலைமுறையாகக் காதை நம்பியே கட்டினார்கள். அதே காரிய்யேதான் 1979இல் குலச்சண்டையைக் கண்டித்துத் தகரத்தில் ஒரு கவிதை தொடங்கினார். ஹத்ராவி பதில் பாடினார், பிறகு டஜன் கணக்கான கவிஞர்கள் அதே தகரத்திலேயே தொடர்ந்தார்கள். எழுத்தை மாற்றினால் அந்தத் தொடரில் இடமில்லை. 'தேலேய்' என்று அந்தச் சங்கிலிக்கு எழுத்தின் பெயரே பெயராயிற்று. தணிக்கை நடந்த காலம் என்பதால் ஒலிநாடாவில் பதிந்து, பிரதிக்குப் பிரதி எடுத்து, கைமாறிக் கைமாறிப் போனது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பாடுகிறவர் அடுத்தவர் பாட்டைச் சொல்லும்போது இயற்றியவர் பெயரை முதலில் சொல்லியாக வேண்டும், சொல்லுக்குச் சொல் மாற்றாமல் சொல்ல வேண்டும். நம் வாட்ஸ்அப் கவிதைகளுக்கு அந்த வழக்கம் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

தெற்கே கவிஞருக்குப் பெயர் 'லாஷின்'. தனியே உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டி மனப்பாடம் செய்வது வடக்கத்திய முறை. லாஷின் கூட்டத்தின் நடுவில் நின்று அங்கேயே கட்டுவார். எதிர்க்கட்சி லாஷின் விட்ட வாயை அந்த நிமிடமே மடக்க வேண்டும். ஷபெல்லே கரையில் அஃப்கோயே ஊரில் புத்தாண்டை ஒட்டி 'இஸ்துன்கா' என்ற கழிச் சண்டை நடக்கும், ஆற்றின் இக்கரையும் அக்கரையும் இரண்டு அணி. கழி வீசுகிறவர்களுக்கு வீரம் ஏற்றுவது லாஷின்கள்தான். உடனடியாகக் கட்டும் பாட்டு நீளம் குறைவு, ஏட்டில் ஏறுவதும் குறைவு. அதனால் தொகுப்புகளில் கபைக்கு இருக்கும் இடத்தில் கால்வாசிகூட லாஷினுக்கு இல்லை. தரத்தில் குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை, பதிந்தவர் காதுக்கு மாய் புரியவில்லை.

பெண்களின் 'புரான்புர்' நிலையும் இதேதான். கல்யாண வீட்டில் பெண்கள் வட்டமாக நின்று கைதட்டி, ஒருத்தி மத்தளம் கொட்ட, ஒருத்தி நடுவில் வந்து மணப்பெண்ணையும் அவள் குடும்பத்தையும் பாடுவாள், ஒருத்தி ஆடுவாள், மற்றவர்கள் குலவையிடுவார்கள். எழுத்துக் கட்டுப்பாடு இதற்கும் உண்டு. பாட வருகிறவள் முன்கூட்டியே தாய் வழி, தந்தை வழிப் பெயர்களைக் கேட்டு உறுதி செய்துகொள்வது முக்கியம். ஒரு பெயர் மாறினால் பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீட்டில் மனவருத்தம் மிஞ்சும். ஆண்கள் அதை மனப்பாடம் செய்து பரப்பவில்லை, எனவே பாடியவளோடு போய்விட்டவை ஏராளம்.

தொழிற்பாட்டுகளும் உண்டு. ஒரு ஒட்டகம் தாகத்தில் நூறு லிட்டர் வரை ஒரேயடியாகக் குடிக்கும். நாற்பது உருப்படி என்றால் நாலாயிரம் லிட்டரைத் தோல்வாளியில் கைமாற்றி ஏற்ற வேண்டும். ஆழக் கிணற்றில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நின்று வீசிப் பிடிக்கும்போது தாளம் தப்பினால் தண்ணீர் கீழே இருப்பவர் தலையில். அங்கே பாட்டு அலங்காரம் இல்லை, கைகளை ஒன்றாக ஓட்டும் கயிறு.

அடுக்களையிலும் ஊர் தெரியும். புளித்த மாவில் ஒரு பக்கம் மட்டும் வேகவைக்கும் மெல்லிய தோசை வடக்கே 'லஹோஹ்', தெற்கே 'அன்ஜேரோ'. கரண்டியின் அடியால் நடுவிலிருந்து வெளியே சுழித்து இழுப்பார்கள், நம் தோசை போலவே, ஆனால் சுழி தெளிவாகத் தெரிய வேண்டும். திருப்பிப் போடக் கூடாது. மேலே கண் கண்ணாகத் துளை விழ வேண்டும். விழாவிட்டால் மாவு புளிக்கவில்லை அல்லது கெட்டி. அடி கருகிக் கண் திறக்காவிட்டால் கல் அதிகச் சூடு. தெற்கே நல்லெண்ணெயும் சர்க்கரையும் விட்டுத் தேநீரோடு பிசைந்து சாப்பிடுவார்கள்.

பெண்கள் கூடிப் போடும் சீட்டுக்குத் தெற்கே 'அயூத்தோ', இத்தாலியில் 'உதவி' என்று பொருள். வடக்கே 'ஹக்பத்'. பத்துப் பேர் மாதம் நூறு டாலர், மாதம் ஒருவருக்கு ஆயிரம். வட்டி ஆகாது என்பதால் ஏலத் தள்ளு கிடையாது, குலுக்கலோ தேவையோ முறையைத் தீர்மானிக்கும். முதலில் எடுத்தவர் ஊர் மாறிப் போனால் சீட்டு உடையும், அதனால் புதிதாகச் சேர்பவரைக் கடைசியில் வைப்பார்கள்.

ஹர்கேசாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஒலிநாடாக்களைச் சேர்த்து ஒரு கலாசார மையம் காப்பாற்றிவருகிறது. பைதோவாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும், வயதான லாஷின்கள் இருக்கும்போதே வேண்டும். பதிய முடிந்தவர்கள் கைப்பேசியில் பதியுங்கள். தொடக்கத்தில் இயற்றியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். கோப்பின் பெயரில் 'சோமாலி' என்று மட்டும் போடாமல் 'மாய்' என்று எழுதுங்கள்.