பர்மான் படி

அந்த ரீலை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்றிலிருந்து பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள், கூடவே "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேள்வி வேறு. சொல்லித்தானே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முரசு அதிர, புலிக்கொடி பறக்க, "சோழன் சீனாவை ஆண்டான், இதோ ஆதாரம்" என்று சீனாவின் சுவான்சௌ துறைமுகத்துத் தமிழ்க் கல்வெட்டைக் காட்டுகிறார்கள். அதன் கீழே நான் எழுதியது இரண்டே வரி. அந்தக் கல் 1281ஆம் ஆண்டினது, சோழர் ஆட்சி 1279லேயே முடிந்துவிட்டது. அவ்வளவுதான். "துரோகி"யில் ஆரம்பித்து "உன் அப்பன் தமிழனா?" வரைக்கும் வந்துவிட்டார்கள்.

சரி, கல்லில் என்ன இருக்கிறது என்று யாராவது படித்தீர்களா? சகாப்தம் 1203 (அதாவது கி.பி. 1281), சித்திரை மாதம், சித்திரை நாள். சம்பந்தப் பெருமாள் என்ற ஒருவர் செகசை கானின் திருமேனி நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்கிறார். எப்படி? கானின் "பர்மான் படி". பர்மான் பாரசீகச் சொல், அரசாணை என்று பொருள். ஆள்வது மங்கோலியர், குப்ளாய் கானின் காலம். மண் சீனம், எழுத்து தமிழ், கீழே ஒரு வரி சீனத்திலும் இருக்கிறது. அனுமதி வாங்கி வைத்த கோயில் ஐயா அது! சம்பந்தப் பெருமாளுக்குத் தவச்சக்கரவர்த்தி என்று பட்டம் இருக்கிறது. அதில் "சக்கரவர்த்தி"யை மட்டும் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது ரீல்காரர், முன்னால் இருக்கும் தவம் அவர் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். சோழர் முடிந்த அதே 1279இல்தான் சீனாவில் சோங் அரசும் விழுந்தது. இந்தப் பக்கமும் பழைய ஆளில்லை, அந்தப் பக்கமும் பழைய ஆளில்லை. இரண்டே வருடத்தில் நம் ஆள் புதிய எஜமானிடம் போய்ப் பர்மான் வாங்கி, அவர் உடம்புக்கு ஒரு வேண்டுதலும் வைத்துவிட்டார். எனக்கு இதுதான் சாமர்த்தியமாகத் தெரிகிறது. உங்களுக்கு அவமானமாகத் தெரிகிறது. என்ன செய்ய?

"அப்போ ராஜேந்திரன் கடாரம் போனது பொய்யா?" என்று கேட்பீர்கள். யார் பொய் என்றது? 1025இல் படை போனது, சுமத்ரா பக்கத்துக் கடல் அரசான ஸ்ரீவிஜயத்தை அடித்தது. ஆனால் அந்த ஸ்ரீவிஜயத்து அரசர்தான் அதற்கு முன்பு நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எடுப்பித்தார், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். அடித்த பிறகும் உறவு அறுந்து போகவில்லை, குலோத்துங்கன் காலத்திலும் அந்த விகாரம் மானியத்தோடு இருந்தது. அப்புறம் 1088இல் சுமத்ராவின் பாரூஸில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் கல் நடுகிறார்கள். வரும் மரக்கலத் தலைவனும் ஆட்களும் கஸ்தூரி விலைப்படி பொன் கொடுத்துவிட்டுத்தான் பாவாடையில் (விரித்த துணியில்) கால் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கற்பூரத்துக்குப் பேர் போன ஊர் அது. அந்தக் கல்லில் யாரும் யாரையும் வெட்டவில்லை, வசூல்தான் பண்ணுகிறார்கள்.

கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவன் என்றால் நமக்கு அப்படி என்ன இளக்காரம்?

என் தாத்தா பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சீனக் கடைக்காரர்களிடம் பாக்கி வசூலிக்க ஹொக்கியன் கற்றுக்கொண்டார். அதுவும் சுவான்சௌ இருக்கும் அதே ஃபூஜியன் பக்கத்துப் பேச்சுதான் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் பாட்டிக்குப் புரியக் கூடாதென்று பணத்தை அந்தப் பாஷையில்தான் எண்ணுவார். பாட்டி ஒட்டுக்கேட்டே பத்து வரைக்கும் கற்றுக்கொண்டுவிட்டாள், அது அவருக்குக் கடைசிவரை தெரியாது. இந்த மனுஷர் எந்த நாட்டையும் பிடிக்கவில்லை. வாடகைக்கு இருந்தார், வரி கட்டினார், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அதில் ஒருவர்தான், நேற்று நீங்கள் தமிழனா என்று கேட்டீர்களே, அந்த அப்பன்.

"நம் பெருமையை நீயே குறைக்கலாமா, மற்றவன் சிரிக்க மாட்டானா" என்று ஒரு அண்ணன் உள்பெட்டியில் மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணே, 1281இல் இல்லாத சோழனைச் சீனாவுக்கு அனுப்பினால்தான் சிரிப்பான். மற்றபடி உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கலாம், எனக்கு இப்போது அதைக் கேட்கும் பொறுமை இல்லை. அப்பாவைப் பேசிய பிறகு பொறுமை எங்கிருந்து வரும்?

திட்டியவர்களைக்கூட விட்டுவிடுகிறேன், முகம் தெரியாதவர்கள். அந்த "அப்பன்" பின்னூட்டத்துக்கு இதயம் போட்டானே, என் கல்லூரி அறைத்தோழன், எங்கள் வீட்டில் அப்பா கையால் பரிமாறிச் சாப்பிட்டவன், அவனுக்கு மட்டும் ஒன்று. போன தீபாவளிக்கு வாங்கிக்கொண்டு போன கல்வெட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. நீ அதைப் பிரிக்கவே இல்லை என்று தெரிந்துவிட்டது.