பூப்பூவாய்ப் பச்சை குத்திய பிக்டிஷ் பெண்: அது ரோமானியர் கால ஓவியம் அல்ல

உடம்பெங்கும் பூக்கள், கையில் ஈட்டி, இடுப்பில் வாள். இப்படி ஓர் இளம்பெண்ணின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பழைய ஸ்காட்லாந்தின் பிக்டிஷ் மக்களை ரோமானியர் நேரில் கண்டு வரைந்தது என்கிறது கூடவே வரும் குறிப்பு.

அது தவறு. படம் சுமார் 1585-ல் வரையப்பட்டது. வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஜாக் லெ முவான் என்று கருதப்படுகிறது. மூலம் அமெரிக்காவில், யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. அவர்களின் இணையதளத்திலேயே பார்க்கலாம். 1590-ல் தியோடர் டி பிரை இதைச் செப்புத்தகட்டு அச்சாக்கி, அமெரிக்காவின் வர்ஜீனியா பற்றிய தாமஸ் ஹாரியட்டின் நூலில் சேர்த்தார். பிரிட்டன்வாசிகளும் ஒரு காலத்தில் வர்ஜீனியப் பழங்குடிகளைப் போலவே இருந்தார்கள் என்று காட்டுவதே நோக்கம் என அந்நூலே சொல்கிறது. (பழங்குடிகளைத் தாழ்வாக எண்ணிய பார்வை அது.)

பூக்களே காட்டிக்கொடுக்கின்றன. அவற்றில் டூலிப் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில்தான் அது மேற்கு ஐரோப்பாவுக்கே வந்தது!

பச்சை குத்தும் வழக்கமே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. வட பிரிட்டன் மக்கள் உடலில் விலங்கு உருவங்களைப் பச்சை குத்தியிருந்ததாக 3-ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த உருவங்களின் வடிவத்தைக் காட்டும் பிக்டிஷ் உடல் எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் கைப்பட்ட வடிவங்களைப் பார்க்க வேண்டுமானால், ஸ்காட்லாந்தின் அபர்லெம்னோ கற்சிற்பங்களைத் தேடிப் பாருங்கள்.

அந்தக் குறிப்போடு படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.