ஹைட்ரோஸ் டிரம்மும் ஒடிசாத் தொழிலாளியும்

ரசாயன விபத்துகளுக்குப் பெரும்பாலும் தொழிலாளர்களின் அலட்சியம்தான் காரணம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். திருப்பூர் சாயப்பட்டறைப் பக்கம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

டிரம்மில் ஒட்டிய எச்சரிக்கை இங்கிலீஷில் இருக்கும். தூக்குபவர் ஒடிசாக்காரர். சூப்பர்வைசருக்குத் தமிழ் மட்டும்தான். ஹைட்ரோஸ் என்று நாங்கள் சொல்லும், சாய வேலைக்கான சோடியம் ஹைட்ரோசல்பைட் தூளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் தானாகச் சூடேறி, கந்தக டை ஆக்சைடைக் கக்கும், தீயும் பிடிக்கும். புகையைக் கண்டதும் ஒரு மக் தண்ணீரை ஊற்றத்தான் எவருக்கும் கை போகும். அது நிலைமையை மோசமாக்கும் என்று அவர் மொழியில் முன்பே சொன்னால்தானே தெரியும்? கழிவுத் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இன்னும் கொடுமை. முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாயு இருந்தும் நாற்றம் தெரியாது. "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்று நினைப்பவரையும் அலட்சியக்காரர் என்பீர்களா?

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 111ஏ பிரிவு, பாதுகாப்புத் தகவலும் பயிற்சியும் பெறுவதைத் தொழிலாளியின் உரிமை என்றே சொன்னது. நடைமுறையில் பல இடங்களில் அது ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ, ஒரு டீ. (டீ மட்டும் நன்றாக இருக்கும்.)

எல்லா முதலாளிகளையும் சொல்லவில்லை. துணி வாங்கும் வெளிநாட்டு கம்பெனிகளின் ஆடிட்டுக்குப் பயந்தாவது சில பெரிய யூனிட்டுகளில் இந்தியிலும் ஒடியாவிலும் படம் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். கூலிக்குச் சாயம் போட்டுத் தரும் சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகளில்தான் ஆசிட்டைத் தண்ணீர் கேனில் ஊற்றி, பெயர்கூட எழுதாமல் மூலையில் வைப்பது.