ஊதாரித்தனம் அல்ல, 1994

சீன உள்ளாட்சிகளின் கடனுக்கு அதிகாரிகளின் ஊதாரித்தனமே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி உண்மைதான். வேர் 1994 வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்தில் இருக்கிறது. 1993இல் மொத்த வரவில் மத்திய அரசின் பங்கு சுமார் 22%; அடுத்த ஆண்டே 55%ஐத் தாண்டியது. மதிப்புக் கூட்டு வரியில் 75% அப்போது பெய்ஜிங்குக்குப் போனது. பள்ளி, மருத்துவமனை, சாலைச் செலவெல்லாம் உள்ளாட்சிகளின் தலையிலேயே நின்றது. போதாக்குறைக்கு, அதே ஆண்டின் பட்ஜெட் சட்டம் உள்ளாட்சிகள் கடன் வாங்கவும் தடை போட்டது.

மிஞ்சியது நிலம். விவசாயியிடம் விளைச்சல் மதிப்பை வைத்து இழப்பீடு கொடுத்து எடுத்தார்கள். சமன்படுத்தி, சாலையும் குழாயும் போட்டு, குடியிருப்புக்கான 70 ஆண்டு நிலப் பயன்பாட்டு உரிமையாக ஏலம் விட்டார்கள். வித்தியாசம் நகராட்சிக்கு. இன்னொரு பங்கு நிலம் நகராட்சியே தொடங்கிய நிதி நிறுவனத்துக்குப் போனது. அதை அடமானம் வைத்து நிறுவனம் வங்கியில் கடன் வாங்கியது. சட்டப்படி அது அரசுக் கடன் அல்ல! 2008க்குப் பின் இது கட்டுமீறிப் போனது.

2020இல் வீடு கட்டி விற்கும் நிறுவனங்களின் கடனுக்கு மத்திய அரசு 'மூன்று சிவப்புக் கோடுகள்' என்ற வரம்புகளைப் போட்டதும் ஏலத்துக்கு ஆள் குறைந்தது. 2021இல் சுமார் 8.7 லட்சம் கோடி யுவானாக இருந்த நில வரவு 2024இல் 5 லட்சம் கோடிக்கும் கீழே. இடையில் பல ஊர்களில் நகராட்சியின் நிறுவனமே கடன் வாங்கி நகராட்சி நிலத்தை ஏலம் எடுத்த கூத்தும் நடந்தது. கணக்கில் வரவு, கையில் புதுக் கடன்.

2024 நவம்பரில் அறிவித்த 10 லட்சம் கோடி யுவான் திட்டத்தை அந்தக் கட்டுரை 'ஊக்கத்தொகை' என்பது தவறு. இப்படி அரசுக் கணக்கில் வராமல் சேர்ந்த மறைகடனைக் குறைந்த வட்டிப் பத்திரமாக மாற்றுவதுதான் அது. வட்டிதான் மிச்சமாகும், அசல் அப்படியே இருக்கும்.