எடை மட்டும் பார்த்தால் போதாது

வட்டார மக்களிடம் உடல் பருமனும், கூடவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டே போவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை முடிகிறது. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 1990-க்கும் 2022-க்கும் இடையே பெரியவர்களிடம் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது, வளரிளம் பருவத்தினரிடம் நான்கு மடங்கு. அத்தனை நாட்டு மக்களுக்கும் ஒரே சமயத்தில் மன உறுதி குறைந்துபோகுமா? மாறியது வாழும் சூழல். நாள் முழுக்க நாற்காலி, அரைகுறைத் தூக்கம், கை நீட்டினால் பொட்டலத் தீனி.

இன்னொன்று, எடையை மட்டும் நம்பாதீர்கள். என் அண்ணன் கை கால் எல்லாம் ஒல்லி, எடையும் அளவுக்குள்தான். பெல்ட்டில் கடைசி ஓட்டையும் எட்டாமல் போனபோது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் எடுத்தது டேப். வயிற்றைச் சுற்றி அளந்தார், அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 6.8 சதவீதம். 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவுதான். கல்லீரலிலும் கொழுப்பு. உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று விளக்கினார். பருமனாக இருப்பவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். சோம்பேறி என்று திட்டு வாங்கிப் பழகியவர்கள் மருத்துவரிடம் போகவே தயங்குகிறார்கள்.