அவர்களுக்குள் சண்டையாம்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த பெரியவர் உலக அரசியல் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு எப்படியோ, இந்தோனேசியா 1975இலிருந்து 1999வரை பிடித்து வைத்திருந்த கிழக்குத் திமோர் என்ற சிறு நாட்டுக்குப் போனது. "1999இல் அங்கே ஊரை எரித்தது திமோர்க்காரன்தானே தம்பி? அவர்களுக்குள் அடித்துக்கொண்டால் இந்தோனேசியா என்ன செய்யும்?" என்றார். பதில் சொல்லத் தொடங்கினால் பாயசம் ஆறிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிலிருந்து அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. இங்கே இறக்கிவைக்கிறேன்.

எரித்த கை திமோர்க் கைதான். அதை யாரும் மறுக்கவில்லை. அந்தக் கையில் தீப்பந்தம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

1975 டிசம்பர் 7ஆம் தேதி இந்தோனேசியப் படை கிழக்குத் திமோரின் தலைநகர் திலியில் இறங்கியது. அந்த முதல் வருடங்களிலிருந்தே உள்ளூர் ஆட்களைச் சேர்த்துத் துணைப்படை கட்டுவது அதன் வழக்கமாக இருந்தது. 1981இல் செய்ததைக் கேளுங்கள். மலையில் மறைந்திருந்த போராளிகளைப் பிடிப்பதற்காக ஊர் ஊராகச் சனத்தை வரிசையில் நிறுத்தி, இராணுவத்துக்கு முன்னால் காடு மேடெல்லாம் நடக்கவிட்டார்கள். பையன்களும் முதியவர்களும்கூடத் தப்பவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பகார் பெத்திஸ்’, அதாவது கெண்டைக்கால் வேலி. மனிதர்களின் கால்களையே வேலியாக நட்டு, அவர்களுடைய அண்ணன் தம்பியை அவர்களைக்கொண்டே மடக்குகிற வேலை. 1999இன் ஆயுதக் குழுக்களைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த ஒரு சொல்லே போதும்.

1990களின் நடுவில் வேறொரு வழி கண்டார்கள். வேலையில்லாத இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, சிறு கடன் என்று சொல்லி ‘கடா பக்சி’ என்ற அமைப்பில் சேர்த்தார்கள். 1999 ஜனவரியில் இந்தோனேசிய ஜனாதிபதி ஹபிபி, திமோர் மக்கள் விரும்பினால் பிரிந்து போகலாம் என்ற கதவைத் திறந்ததும், மாவட்டத்துக்கு ஒன்றாகக் குழுக்கள் முளைத்தன. லிக்கிசாவில் பெசி மேரா புத்தே, ஐனாரோவில் மஹிதி, திலியில் எயுரிக்கோ குத்தேரஸ் தலைமையில் ஐத்தராக். ஐத்தராக் என்றால் திமோரின் தேத்தும் மொழியில் முள். தலையில் இந்தோனேசியக் கொடியின் சிவப்பு வெள்ளைத் துணி, கையில் வெட்டுக்கத்தி அல்லது குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கி.

சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. இந்தோனேசியாவோடு இருப்பதே நல்லது என்று உண்மையாகவே நம்பியவர்கள் இருந்தார்கள். 1975இன் உள்நாட்டுச் சண்டையில் உறவுகளைப் பறிகொடுத்து, அந்தக் கணக்கைத் தீர்க்க வந்தவர்கள் இருந்தார்கள். சேராவிட்டால் தன் வீடுதான் முதலில் எரியும் என்று பயந்து போனவர்களும் இருந்தார்கள்.

ஏப்ரல் 6ஆம் தேதி லிக்கிசாவில், பாதிரியார் வீட்டு வளவில் இரண்டாயிரம் பேர்வரை தஞ்சம் புகுந்திருந்தார்கள். முதலில் பொலிஸாரின் கண்ணீர்ப்புகை உள்ளே விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தவர்களை வெட்டுக்கத்திகள் எதிர்கொண்டன. குறைந்தது முப்பது பேர் செத்தார்கள். பதினொரு நாள் கழித்து திலியில், ஆளுநர் அலுவலகத்தின் முன்னாலேயே, அதிகாரிகள் பார்த்திருக்க ஐத்தராக்கின் பேரணி நடந்தது. அது முடிந்த கையோடு விடுதலை கேட்டு நின்ற தலைவர் மானுவல் கரஸ்கலாவோ வீட்டில் புகுந்து, அவருடைய மகன் உட்படப் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். இவ்வளவுக்கும் பிறகு மே 5ஆம் தேதி நியூயார்க்கில் ஐ.நா.வும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம், பிரிவதா சேர்ந்திருப்பதா என்ற வாக்கெடுப்பின் பாதுகாப்பை இந்தோனேசியாவிடமே ஒப்படைத்தது. ஐ.நா.வின் இந்தக் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்வது!

ஆகஸ்ட் 30ஆம் தேதி மக்கள் பயப்படாமல் வந்து வாக்களித்தார்கள். 78.5 சதவீதம் விடுதலைக்கு. முடிவு வந்தபின் அந்தக் குழுக்கள் ஊர் ஊராக எரித்தது உலகத்துக்கே தெரியும். செப்டம்பர் 20ஆம் தேதி சர்வதேசப் படை வந்து இறங்கியதும், அந்த ‘மக்கள் படைகள்’ சில நாட்களில் திலித் தெருக்களிலிருந்து காணாமல் போய்விட்டன. இந்தோனேசிய இராணுவம் போன வழியே, இந்தோனேசியாவின் மேற்குத் திமோருக்குப் போய்விட்டன. வேர் சொந்த மண்ணில் இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாகப் பிடுங்கிக்கொண்டா போயிருக்கும்?

இலங்கைத் தமிழர் எங்களுக்கு இது புதிதில்லை. 1989இன் கடைசி மாதங்களில், இந்தியப் படை இருந்த காலத்தில், எங்கள் ஊரிலும் பையன்களைப் பிடித்துப்போய் ஒரு படை கட்டினார்கள். ‘பிள்ளைபிடி’ என்பதுதான் ஊர் அதற்கு வைத்த பெயர். அம்மா அண்ணனை மூன்று வாரம் மாட்டுக்கொட்டிலின் பரணில் வைத்திருந்தார். சாப்பாடு இருட்டிய பிறகுதான் மேலே போகும். பக்கத்துத் தெருப் பையன் டியூஷனுக்குப் போன இடத்தில் அகப்பட்டான். அவனுடைய சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள். அவனைப் பற்றியும் பிற்பாடு "விருப்பப்பட்டுச் சேர்ந்தவன்" என்று பேசினார்கள்.

திமோரில் ஊர்வழக்கைத் தீர்க்கும் பழைய முறைக்கு ‘நாஹே பிட்டி’ என்று பெயர்: பாய் விரித்தல். பாயை விரித்துவிட்டால் விஷயம் தீராமல் யாரும் எழக்கூடாது. 2002இலிருந்து அந்நாட்டின் உண்மை ஆணைக்குழு இதையே கையில் எடுத்தது. கொலையும் வன்புணர்வும் செய்தவர்களுக்கு அங்கே இடமில்லை, அவர்கள் நீதிமன்றத்துக்கு உரியவர்கள். வீடு எரித்தவன், மாட்டை வெட்டியவன், அடித்தவன் வந்து பாயில் உட்கார்ந்தான். வெற்றிலை பாக்கு நடுவில் இருந்தது. பெரியவர்கள் மென்றுகொண்டே கேட்டார்கள். யாருடைய வீட்டை எரித்தானோ அவர்களும் எதிரே இருந்தார்கள். எல்லார் முன்னாலும் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். சிலருக்கு ஊர்வேலை, சிலருக்குச் சிறு இழப்பீடு. 1,371 பேர் இப்படி முடித்து ஊரோடு சேர்ந்தார்கள்.

கட்டளை கொடுத்தவர்களுக்குப் பாயும் இல்லை, நிலைத்த சிறையும் இல்லை. ஜகார்த்தாவின் சிறப்பு நீதிமன்றம் 18 பேரை விசாரித்து ஆறு பேருக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீடுகளில் அத்தனையும் கரைந்தது. குத்தேரஸும் 2008இல் விடுதலையானார். அதே வருடம் இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த ஆணைக்குழுவே, இந்தக் குழுக்களுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்ததில் இந்தோனேசிய இராணுவத்துக்கும் பொலிஸுக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதிவிட்டது. 2021 ஆகஸ்டில் இந்தோனேசிய அரசு குத்தேரஸுக்குப் பதக்கம் கொடுத்தது.

அடுத்த கல்யாணத்தில் அந்தப் பெரியவருக்குப் பக்கத்து இலை கிடைத்தால், பாயசம் ஆறினாலும் பரவாயில்லை, கேட்டுவிடப் போகிறேன்: ஐயா, அவர்களுக்குள் சண்டை என்றால் பதக்கம் ஏன் ஜகார்த்தாவிலிருந்து வந்தது?