பூட்சுக்குள் நூறு டாலர்

வெஸ்டர்ன் படம் என்றால் ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கிற ஹீரோவும், பின்னால் விசில் சத்தமும் இருக்க வேண்டும் என்று நினைத்து உட்காருகிறவர்களுக்கு 1972-ல் வந்த ‘பேட் கம்பெனி’ சுத்தமாகப் பிடிக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற பையன்களுக்குச் சுடவும் சரியாக வராது, திருடவும் வராது. அப்புறம் இன்னொன்று, கதையை முடிவு வரைக்கும் சொல்லித்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து சண்டை போடலாம்.

படம் தொடங்குவது 1863-ல், ஒஹையோவில். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிறது, வடக்கு ராணுவம் வீடு வீடாக வந்து ஆள் பிடிக்கிறது. ஒரு வீட்டில் பையனுக்குக் கவுன் மாட்டிப் பெண்ணாக ஒளித்துவைத்திருக்கிறார்கள். சிப்பாய்கள் அந்தக் கவுனோடேயே அவனை இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றுகிறார்கள். சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. படம் முழுக்க இதே கதிதான் நமக்கு.

டிரூ டிக்சன் அப்படிப் பிடிபடாமல் தப்பிக்கிற பையன். மெதடிஸ்ட் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பக்தியான குடும்பம். அண்ணன் ஏற்கெனவே போரில் செத்துவிட்டான். இவனையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பெற்றோர் கையில் நூறு டாலரும் அண்ணனுடைய கடிகாரத்தையும் கொடுத்து மேற்கே அனுப்பிவைக்கிறார்கள். மிசூரியில் இருக்கிற செயின்ட் ஜோசப்புக்குப் போய், அங்கிருந்து வண்டி பிடித்து, நெவாடாவில் வெள்ளி வெட்டுகிற வர்ஜீனியா சிட்டிக்குப் போவதாகத் திட்டம். இது கதைக்காக ஜோடித்த வழி இல்லை. ரயில் பாதை அந்தக் காலத்தில் செயின்ட் ஜோசப்போடு முடிந்துவிடும், அதற்கு மேல் குதிரையும் கோச்சு வண்டியும்தான். எழுத்தாளர் மார்க் ட்வைனே தெற்குப் படையோடு சேர்ந்து ரெண்டு வாரம் ஏதோ சுற்றிவிட்டு, போரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று 1861-ல் தன் அண்ணனோடு இதே ஊரில் கோச்சு ஏறி நெவாடாவுக்குப் போனவர்தான்.

அந்த நூறு டாலரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மொத்தப் படமும் அதற்குள்தான் இருக்கிறது.

1863 மார்ச்சில் வந்த ஆள்சேர்ப்புச் சட்டப்படி 20 முதல் 45 வயது வரை உள்ள ஆண்கள் பட்டியலில் வரவேண்டும். பெயர் குலுக்கலில் விழுந்தால் போகத்தான் வேண்டும், ஆனால் 300 டாலர் கட்டினால் போகவேண்டாம், இல்லை காசு கொடுத்துத் தன் இடத்துக்கு இன்னொருவனை அனுப்பலாம். கூலி வேலை செய்கிறவனுக்கு 300 டாலர் என்றால் கிட்டத்தட்ட ஒரு வருட வருமானம். அந்த ஜூலையில் நியூயார்க் பற்றி எரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் (அந்தக் கலவரத்தில் கூட்டம் கறுப்பின மக்களைத் தேடித் தேடிக் கொன்றது, ஏழைகளின் கோபம் என்று அதைப் பூசி மெழுகவும் முடியாது). ஆக, 300 இருக்கிறவன் வீட்டில் உட்காரலாம், 100 இருக்கிறவன் ஓடலாம், கையில் ஒன்றும் இல்லாதவன் கவுன் மாட்டிக்கொண்டு ஒளிய வேண்டியதுதான்.

டிரூ அந்த நூறை பூட்சுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு செயின்ட் ஜோசப் சேர்கிறான். வந்ததும் வராததுமாக ஜேக் ரம்சி என்கிற ஒருத்தன் சிரித்துப் பேசிச் சந்துக்குள் கூட்டிப்போய் மண்டையில் போட்டு, மேலே இருந்த சில்லறையைப் பிடுங்கிக்கொள்கிறான். ஜேக்காக வருவது ஜெஃப் பிரிட்ஜஸ். 22 வயசு, முந்தின வருடப் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை வாங்கியாகிவிட்டது, அந்தத் தெனாவட்டு உடம்பு முழுக்கத் தெரிகிறது. பிறகு இருவரும் ஒரு பாதிரியார் வீட்டில் எதிரெதிரே மாட்டி, கட்டிப் புரண்டு சண்டை போட்டு, கடைசியில் டிரூ ஜேக்கின் கும்பலிலேயே சேர்ந்துவிடுகிறான். கும்பல் என்றால் வீட்டைவிட்டு ஓடிவந்த பொடியன்கள். அதில் பூக் என்று ஒருவனுக்குப் பத்து வயது இருந்தால் அதிகம்.

சேரவேண்டுமானால் எதையாவது கொள்ளையடித்துக் காட்ட வேண்டும். டிரூ ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போகிறான், போய், தன் பூட்சிலிருந்தே கொஞ்சம் பணத்தை எடுத்து, கொள்ளையடித்ததாகக் கொண்டுவந்து கொடுக்கிறான். எல்லோரும் இதை நல்ல பையனின் நேர்மை என்று ரசிக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவன் நேர்மையைக் காசு கொடுத்து வாங்குகிறான், அவ்வளவுதானே? பூக்கிடம் அந்தக் காசு இருந்திருந்தால் அவனும் நேர்மையாகத்தான் இருந்திருப்பான். கிழக்கே திரும்பிப் போகிற ஒருத்தன் தன் மனைவியையே இவர்களிடம் விலைபேசி விற்கிற காட்சியிலும் டிரூ மட்டும் ஒதுங்கிக்கொள்கிறான். ஒதுங்கினானே தவிரத் தடுக்கவில்லை. அந்தப் பெண்ணைப் படமும் அதற்கு மேல் திரும்பிப் பார்ப்பதில்லை, இது படத்தின் பெரிய குறை, பழைய படம் என்று சொல்லி விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

முயல் காட்சி ஒன்று இருக்கிறது. அடித்த முயலைச் சுற்றி எல்லாப் பையன்களும் நிற்கிறார்கள், உரிக்க ஒருத்தனுக்கும் தெரியவில்லை. தலைவன் என்று பீற்றிக்கொண்ட குற்றத்துக்காக ஜேக் கத்தியை எடுக்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு குடலை இழுத்துப் போடுகிறான், சுற்றி நிற்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எத்தனை துப்பாக்கிச் சண்டை எடுத்தாலும் இவர்கள் இன்னும் அம்மா சமையலில் இருந்து இறங்கி வரவில்லை என்பதை இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. ராத்திரி நெருப்போரம் டிரூ ‘ஜேன் அயர்’ நாவலை வாசிக்க, திருட்டுப்பயல்கள் வாயைப் பிளந்து கதை கேட்கிறார்கள்!

பூக் சாவதும் இந்த லட்சணத்தில்தான். ஒரு பண்ணை வீட்டு ஜன்னலில் ஆறவைத்த பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான், துப்பாக்கி வெடிக்கிறது. சோக இசை இல்லை, யாரும் மடியில் கிடத்தி வசனம் பேசவில்லை. கும்பலை விட்டு நழுவிய அண்ணன் தம்பி இருவரைக் கொஞ்ச தூரம் தள்ளித் தூக்கில் தொங்கப் பார்க்கிறோம்.

எழுதியவர்கள் ராபர்ட் பென்டனும் டேவிட் நியூமனும். 1967-ல் ‘பானி அண்ட் க்ளைட்’ எழுதிக் கொள்ளைக்காரர்களை அத்தனை அழகாகக் காட்டிய அதே ஜோடி. பென்டன் இயக்கிய முதல் படம் இது. செய்ததற்குப் பரிகாரம் தேடினார்களோ என்னவோ, இங்கே கொள்ளையில் அழகு என்று மருந்துக்கும் இல்லை. ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ், அதே வருடம் ‘காட்ஃபாதர்’ எடுத்தவர். கான்சஸ் புல்வெளி முழுக்கக் காய்ந்த பழுப்பு, எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம், ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. ஹார்வி ஷ்மிட்டின் இசை வெறும் பியானோ. முதலில் பேசாப் படம் மாதிரி துள்ளலாக இருக்கிறதே என்று தோன்றியது, போகப்போக அந்தத் துள்ளலே கொடூரமாக ஆகிவிடுகிறது.

1972-ல் அமெரிக்கப் பையன்கள் வியட்நாமுக்குப் போகாமல் கனடாவுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள், படம் அதைப் பற்றித்தான் என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால்தான் டிரூவைப் பாவப்பட்ட பிள்ளை என்றும் ஜேக் அவனைக் கெடுத்தான் என்றும் முடித்துவிடுகிறார்கள். கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ஜேக் அந்தப் பணத்தைக் கண்டுபிடித்து, கூட்டாளியையே அடித்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு ஓடுகிறான். பூட்ஸ் காலி. அதற்கப்புறம் டிரூவிடம் மெதடிஸ்ட் போதனை எவ்வளவு நேரம் தாங்குகிறது? ஜேக்கைப் பிடிக்க மார்ஷலோடு சேர்கிறான், பிடிபட்டவனைத் தூக்கிலிருந்து தானே காப்பாற்றுகிறான், முடிவில் இருவரும் ஜோடியாகக் கொள்ளைக்கு நுழைகிறார்கள், கையைத் தூக்கு என்பதோடு படம் உறைந்து நிற்கிறது.

கெடுத்தது ஜேக் என்றால், கும்பலோடு சுற்றிய அத்தனை நாளும் கெடாதவன், பணம் போன பிறகு மட்டும் எப்படிக் கெட்டான்? டிரூவாக நடித்த பாரி பிரவுன் இந்தக் கேள்வியை முகத்திலேயே வைத்திருக்கிறார், நல்லவன் என்று தன்னைத்தானே நம்புகிறவனுக்கு வரும் அந்த லேசான அலட்சியம் தொடக்கத்திலிருந்தே தெரிகிறது. ஹார்ட்வேர் கடைக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, இவன் நல்லவன்தான் என்று யாராவது எனக்கு நிரூபியுங்கள், பார்க்கலாம்.